தலைவர் சார்பாக ஒரு பொன்னாடை

மனித குலத்தின் விடுதலை, ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொன்ன கணத்தில் தொடங்கியது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வெறும் மக்கள்தொகை.

இது டாக்டர் அமிர்தவல்லி கிறிஸ்துராஜ் சொன்னது. ஜெனீவாவில் சொன்னார், பாங்காக்கில் சொன்னார், நைரோபியில் மைக் கெட்டுப்போனபோதும் தொண்டையைத் திறந்து சொன்னார். எல்லா இடத்திலும் கைதட்டினார்கள். அறுபத்து மூன்று வயதாகிற அவர், தனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஓட்டலில்கூட, கூட வந்தவர் எதைச் சொல்கிறாரோ அதையே தனக்கும் கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

அவருடைய துறைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். தமிழில் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம். தமிழில் அதை யாரும் சொல்வதில்லை. மதுரையில் அவர் மகளிர் மருத்துவப் பேராசிரியராக இருந்த காலத்தில், அறைக் கதவில் துறையின் பெயரை எழுத வந்த பெயின்டர் முதல் சொல்லை மட்டும் பொடி எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்லாத விஷயங்களை எப்படிச் சொல்லவைப்பது என்பதுதான் அமிர்தவல்லியின் வாழ்நாள் ஆராய்ச்சி. மாத்திரை வேண்டாம் என்கிறவள் ஏன் வேண்டாம் என்கிறாள், வலிக்கிறது என்று புருஷனிடம் சொல்ல எத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறாள், ஆசை என்று ஒன்று இருப்பதை எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். இதையெல்லாம் ஆராய்ந்து அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கேள், காத்திரு, மறுபடி கேள். அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்ததாக நிரூபிக்கத்தான் பல வருஷமும் சில நாடுகளும் தேவைப்பட்டன. இப்போது அந்த முறை வண்ணப் படமாக அச்சாகி ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் தொங்குகிறது. அதன் மேல் சொட்டு மருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஐயாதுரை போன் செய்தபோது அமிர்தவல்லி மதுரை வீட்டில், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதாவது, அடுத்தவர் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஐயாதுரை பாத்திரக் கடைக்காரர். சாரல் நல்லோர் மன்றத்தின் செயலாளர். மேடையிலேயே நின்று பழகியதால் போனிலும் மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் பேசுவார்.

"மண்ணின் மகளாகிய தங்களுக்கு எங்கள் மன்றம் தாய்மைச் செம்மல் என்னும் விருதை வழங்கி மகிழ இருக்கிறது அம்மா."

"தாய்மையா? பிள்ளை இப்போ வேண்டாம்கிறவங்களுக்கு வழி சொன்னவ சார் நான்."

"அடக்கம்! பெரியவிய எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவ."

இந்த மாதிரி அழைப்புகளுக்கென்று அமிர்தவல்லி ஒரு பதில் வைத்திருந்தார். முழங்கால் வலி, அடுத்த வருஷம் பார்க்கலாம். முழங்கால் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஐயாதுரை, "உங்க பேரைச் சொன்னதே நம்ம தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சிதாம்மா. பேண்டேஜ் கம்பெனி சங்கரலிங்கம். தெரியுமில்லா?" என்றார்.

ஐயாதுரை, லைன் கட்டாகிவிட்டதோ என்று "அலோ, அலோ" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"வாரேன்," என்றார் அமிர்தவல்லி. மதுரைக்குக் குடிபோன பிறகு அவர் வாயைவிட்டுப் போயிருந்த சொல் அது. உடனே, "வருகிறேன் சார்," என்று திருத்திக்கொண்டார்.

இந்தச் சங்கரலிங்கம் யாரென்று சொல்லிவிடலாம். அமிர்தவல்லி படிப்பை முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே காஸ் துணியும் பேண்டேஜும் கொண்டுவந்து போடுகிற இளைஞர் அவர். கம்பெனி அப்பாவுடையது. லூனாவின் பின்னால் துணிக் கட்டைக் கட்டிக்கொண்டு வருவது மட்டும் மகன். நர்ஸுகள் அவருக்குப் பேண்டேஜ் தம்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். பேண்டேஜ் தம்பி ஸ்டோரில் துணியை இறக்கிவிட்டு நேரே போய்விடமாட்டார். டாக்டர் அறை வாசலில் நின்று, "துணி நல்லா உறிஞ்சுதா டாக்டரம்மா?" என்று கேட்பார். நன்றாக உறிஞ்சுகிறது என்று டாக்டர் சொல்வார். அடுத்த வாரமும் கேட்பார். பேண்டேஜ் துணியின் உறிஞ்சும் தன்மை வாரா வாரம் மாறாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு ஐப்பசியில் மலையடிவாரத்துக் கிராமத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. திரும்பும்போது மழை பிடித்து, ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் ஆள் கூப்பிடப் போனார். நர்ஸுகள் ஜீப்புக்குள் இருந்தார்கள். அமிர்தவல்லி மட்டும், டாக்டர் என்கிற பொறுப்பில், கீழே இறங்கி நின்று சக்கரத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வழியாக லூனாவில் வந்த சங்கரலிங்கம் வண்டியை நிறுத்தினார். பாலிதீன் சுற்றிய கட்டை அவிழ்த்து, உள்ளே நனையாமல் இருந்த துணியை உருவி, நான்காக மடித்து அமிர்தவல்லியின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். அது காடாத் துணி. தறியிலிருந்து இறங்கி இன்னும் வெளுப்புக்குப் போகாதது. கஞ்சி வாசம் அடித்தது.

"நனையாதீங்க டாக்டரம்மா," என்றார். தோளிலிருந்து கையை எடுக்க அவருக்குச் செத்த நேரம் ஆனது.

நடந்தது அவ்வளவுதான். இதைவிடக் குறைவாக நடந்த காதல் மருத்துவ நூல்களில் பதிவாகவில்லை.

அடுத்த தையில் சங்கரலிங்கம் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார். துணி எப்படி உறிஞ்சுகிறது என்று அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் வீட்டில் கோயில், இவர் வீட்டில் சர்ச். அது ஒரு தடைதான், ஆனால் தடை வந்து நிற்பதற்கு முதலில் யாராவது ஏதாவது பேசியிருக்க வேண்டும். அமிர்தவல்லி மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகுதான் உலகத்துப் பெண்களை வாய் திறக்கவைக்கிற வேலையில் இறங்கினார். வீட்டில் மாப்பிள்ளை பார்த்த ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பரீட்சையோ மாநாடோ வந்து அவரைக் காப்பாற்றியது. போன வருஷம் சங்கரலிங்கத்தின் மனைவி தவறிப்போன செய்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அண்ணன் மகள் ஷெரின் வழியாக வந்தது. அமிர்தவல்லி ஒரு அனுதாபச் செய்தியை எழுதினார். எழுதியதைத் திருத்தினார். கடைசியில் அனுப்பவில்லை.

விருதை ஒத்துக்கொண்ட அன்றைக்குச் சாயங்காலமே அவர் ஐயாதுரையைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஒரு நிபந்தனை இருக்கு சார்."

"சொல்லுங்கம்மா. ரூம் ஏசிதான் போட்டிருக்கு."

"அதில்லை. பொன்னாடை."

பொன்னாடை விஷயம் தெரிந்ததுதான். மேடையில் ஆணுக்கு ஆண் போர்த்துவார். கௌரவிக்கப்படுகிறவர் பெண் என்றால் தலைவர் தன் இடத்திலேயே நின்று சிரிப்பார். கூட்டத்திலிருந்து ஒரு அம்மாளைக் கூப்பிட்டு, தலைவர் சார்பாக இன்னார் பொன்னாடை அணிவிப்பார் என்று அறிவிப்பார்கள். அமிர்தவல்லிக்கு இதுவரை துணைவேந்தர்கள் சார்பாக, செயலாளர்கள் சார்பாக, ஒரு முறை ஒரு நாட்டின் தூதர் சார்பாகப் பொன்னாடை விழுந்திருக்கிறது. எல்லாம் சார்பாக.

"எனக்குப் போர்த்துறதா இருந்தா தலைவரே போர்த்தணும். ஒரு லேடியைக் கூப்பிட்டு அவர் சார்பான்னு போர்த்தக் கூடாது. ஆணோட கை பட்டா பெண்ணுக்கு மரியாதை போயிரும்ங்கிற எண்ணம் இருக்கே, நான் வாழ்க்கை முழுக்க எதிர்த்தது அதைத்தான். இது பாலின சமத்துவம். ஒரு கொள்கை."

"கொள்கையா?" ஐயாதுரையின் குரல் இறங்கியது. "அப்போ கமிட்டில வைக்கணுமேம்மா."

ஆசை என்று சொன்னால் கேட்க முடியாததைக் கொள்கை என்று சொன்னால் கேட்டுவிடலாம். படித்தவர்கள் நடுவில் இது வெகுகால வழக்கம். ஆனால் கொள்கையில் ஒரு தொல்லை உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தும்.

கமிட்டி கூடியது. சமத்துவம் தலைவருக்கு மட்டும்தானா, மற்றவர்களுக்குக் கிடையாதா என்று பொருளாளர் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று எல்லா ஆண்களும் சொன்னார்கள். மகளிர் அணித் தலைவி பாண்டிசெல்வி, "அப்போ எனக்கு அங்க என்ன சோலி? உங்க எல்லாருக்கும் சேத்து இத்தனை வருஷமா நாந்தான போத்திக்கிட்டு அலையுதேன்?" என்று கேட்டார். அவர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. டாக்டரம்மாவின் கொள்கையை மதித்து, கமிட்டியின் ஆண்கள் அனைவரும் ஆளுக்கொரு பொன்னாடையைத் தம் கையாலேயே போர்த்துவது, தலைவர் நிறைவாகப் போர்த்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. தலைவர் சங்கரலிங்கம் கூட்டம் முழுக்கத் தண்ணீர் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்.

விழாவுக்கு முந்தின நாளே அமிர்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஷெரின் வீட்டில் இறங்கினார். ஷெரின் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். அத்தை கண்ணாடி முன்னால் நிற்பதைக் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஜெனீவாவுக்கே காட்டன் புடவையில போவீங்க. ராஜபாளையத்துக்குப் பட்டா?"

"உள்ளூர் மரியாதைட்டி."

"தோள்ல ஊசி குத்தலை பாருங்க. மேடையில முந்தானை நிக்காது."

"பொன்னாடை போர்த்துறவங்களுக்கு ஊசி இடிக்கும்."

"யாருக்கு அத்தை இடிக்கும்?"

"பொதுவா சொன்னேன்," என்றார் அமிர்தவல்லி. இனப்பெருக்க நலத் துறையின் மூத்த நிபுணர் காது வரை சிவந்துபோய், இல்லாத பவுடர் டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

ராஜபாளையத்தில் விழா ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பிளெக்ஸ். அதில் அமிர்தவல்லியின் பாஸ்போர்ட் போட்டோ, பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை, கஞ்சி போட்டு அப்பளம் மாதிரி நின்றது. உறைகளும் சீரியல் விளக்கும் கமிட்டி உறுப்பினர் செட்டியார்பட்டி பிரேம்குமாரின் உபயம். அவருக்குப் பந்தல் தொழில். மேடையில் கல்யாண வரவேற்புக்குப் போடுகிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் ஒன்று கிடந்தது. அதில் அமிர்தவல்லியை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கரலிங்கம்.

அமிர்தவல்லியின் முறையில் முதல் விதி, பேசுகிறவர்கள் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும் என்பது. சிம்மாசனத்திலிருந்து பார்த்தால் சங்கரலிங்கத்தின் உச்சந்தலைதான் தெரிந்தது. முடி வெளுத்திருந்தது. வகிடு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டாகிவிட்டது. அடுத்தது காத்திருப்பது.

"சுகர் இருக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

காத்திருந்தார். சங்கரலிங்கமும் காத்திருந்தார். இரண்டு பேரும் காத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வண்ணப் படத்தில் போடவில்லை. கீழே ஒருவர் மைக்கைத் தட்டி, ஊதி, ஒன்று ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி?"

"பயலுவ பாத்துக்கிடுதானுவ. இப்போ எல்லாம் மிஷின். நா சும்மா போய் உக்காந்துட்டு வாரேன்."

அமிர்தவல்லி கொஞ்சம் குனிந்தார். "துணி நல்லா உறிஞ்சுதா?"

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமும் அந்த முகத்திலிருந்து ஒரு நொடி இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"நல்லா உறிஞ்சுதும்மா," என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் பேச்சுகள் ஆரம்பித்துவிட்டன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அம்மாவின் கைராசியில் பூமிக்கு வந்த குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் ராஜபாளையத்திலிருந்து தென்காசி வரை நிற்கும் என்றார். அமிர்தவல்லி பிரசவம் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில் மட்டும்தான். அவர் ஆராய்ச்சியின் பலனாகப் பிறக்காமல் போன குழந்தைகளை நிறுத்தினால் வரிசை கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் போகும். அதை யாரும் சொல்லவில்லை. அவருடைய துறையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஐயாதுரை மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். முன்வரிசைக்கு மட்டும் லேசாகக் கேட்டது.

"இப்போது," என்று ஐயாதுரை மைக்கைத் திரும்ப நெருக்கினார், "பாலின சமத்துவக் கொள்கையின்படி, எமது கமிட்டியின் ஆண் உறுப்பினர்கள் தத்தம் கரங்களாலேயே பொன்னாடை அணிவிப்பார்கள்!"

ஆண்கள் வரிசையில் நின்றார்கள். முகங்கள் ஊசி போட்டுக்கொள்ள நிற்கிறவர்களுடையது மாதிரி இருந்தன. பொருளாளர் பொன்னாடையின் இரண்டு முனைகளையும் பிடித்து, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி தூரத்திலிருந்தே வீசிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு போர்த்தியதில் பாதி சிம்மாசனத்துக்குப் போனது. ஒருவர் தோளில் போடாமல் மடியில் வைத்துவிட்டு, "தாயே, நீங்களே போட்டுக்கிடுங்க," என்றார். முன்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். பந்தல்காரர் பிரேம்குமாருக்குக் கூச்சம் கிடையாது. தன் பையிலிருந்து எடுத்த பொன்னாடையைக் கல்யாணப் பெண்ணுக்கு மாலை சரிசெய்கிற மாதிரி இழுத்துவிட்டு, "இந்தப் பக்கம் பாருங்கம்மா, சிரிங்க," என்று போட்டோவுக்கு நின்றார். எல்லாம் ஒரே கடையில் ஒரே சமயம் வாங்குகிற ரகம். ஊதா நிறம், ஓரத்தில் சரிகை மாதிரி ஒன்று. ஒன்று விழுந்ததும் பாண்டிசெல்வி அதை உருவி மடித்துத் தாம்பாளத்தில் அடுக்கினார்.

ஒவ்வொரு பொன்னாடைக்கும் அமிர்தவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகைத்தார். அவருடைய கண் வரிசையின் கடைசியில் இருந்தது.

"நிறைவாக, எமது தலைவர்!"

சங்கரலிங்கம் எழுந்து வந்தார். பொன்னாடையை விரித்தார். துணியோடு பழகிய கை. ஒரு உதறலில் மடிப்பு போய் நீளமாக இறங்கியது. அமிர்தவல்லி எழுந்து நின்றார். மற்றவர்களுக்கு எழுந்திருக்கவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். புடவையின் தோள்பக்கம், ஊசி இல்லாத இடத்தில், முந்தானை நழுவியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

சங்கரலிங்கத்தின் கைகள் அவர் தோள் உயரத்துக்கு வந்தன. அங்கேயே நின்றன. பொன்னாடையின் ஓரம் நடுங்கியது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மின்விசிறிக் காற்று என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிறுத்தினார்கள்.

சங்கரலிங்கம் கைகளை இறக்கினார். பொன்னாடையை நான்காக மடித்துப் பாண்டிசெல்வியிடம் நீட்டினார்.

"நீங்களே போட்டுருங்கம்மா."

ஐயாதுரைக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "தலைவர் சார்பாக," என்று மைக்கில் முழங்கினார், "மகளிர் அணித் தலைவி அவர்கள்!"

பாண்டிசெல்வி பொன்னாடையைப் போர்த்தி, முந்தானையையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டு, காதோரம் சொன்னார்: "இந்த ஊர்ல பாதி ஆம்பளையளுக்குப் பொன்னாடை போடுத கை எங்கைதாம்மா. ஆனா யாரும் இப்படி நடுங்கிக்கிட்டு எங்கிட்டத் தந்ததில்ல."

அப்புறம் ஏற்புரை. அமிர்தவல்லி மைக் முன்னால் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய உரை.

"மனித குலத்தின் விடுதலை," என்று தொடங்கினார். "ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று..."

நின்றுவிட்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் நன்றி," என்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே அதிகக் கைதட்டல் வாங்கிய உரை அதுதான். டிபன் ஆறிக்கொண்டிருந்தது.

டிபனுக்குப் பிறகு ஷெரின் மண்டபத்தின் பின்வாசலுக்குக் காரைக் கொண்டுவந்தாள். ஒரு ஆள் பொன்னாடைகளைப் பெரிய துணிக்கடைப் பையில் அடைத்துப் பின்சீட்டில் வைத்தார். அமிர்தவல்லி காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். சங்கரலிங்கம் வந்தார். வழியனுப்பத் தலைவர் வந்துதானே ஆக வேண்டும்.

இருவரும் தரையில் நின்றார்கள். ஒரே உயரம்.

"ஏன் போடலை?" என்று கேட்டார் அமிர்தவல்லி. காத்திருந்தார்.

"கையில பஜ்ஜி எண்ணெய் டாக்டரம்மா. பட்டுல பட்டுரும்லா."

மறுபடி கேட்க வேண்டும். "சுகர்காரங்க பஜ்ஜி சாப்பிடலாமா?" என்றுதான் வாயில் வந்தது.

சங்கரலிங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மண்டபத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மத்தவிய போட்டாவ. அது மரியாதை. நா போட்டா அது மரியாதையா இருக்காதுல்லா."

உள்ளே பந்தி மேசைகளை மடக்கிப் போடுகிற சத்தம் கேட்டது. அமிர்தவல்லி கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு மழையில போட்டது காடா," என்றார் சங்கரலிங்கம். "வெளுக்காத துணி. கஞ்சி வேற. உங்களுக்கு அரிச்சிருக்கும். நல்லதா ஒண்ணு பாத்து எடுத்திருக்கலாம். எடுக்கத் தோணல. அதை நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"அரிச்சுது," என்றார் அமிர்தவல்லி. டாக்டர்களுக்குப் பொய் வராது. வர வேண்டிய இடத்திலும் வராது. "கழுத்தைச் சுத்தித் தடிப்பு வந்துச்சு."

"அடடா. மருந்து போட்டியளா?"

"போடலை."

"கையிலயே மருந்தை வச்சிக்கிட்டு ஏன் போடலை?"

கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, சுவரிலிருந்து கண்ணை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் வராத சங்கரலிங்கம் முதல் இரண்டு படிகளையும் சுத்தமாகச் செய்தார். இதே மாதிரி எதிரில் ஒருவர் காத்திருக்கும்போது ஒரு பெண்ணின் தொண்டையில் என்ன நடக்கும், மூச்சு எப்படி மேலே ஏறும், முதல் சொல் வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அமிர்தவல்லி எழுதாத கட்டுரை இல்லை. அந்தத் தடிப்பு ஆறாமல் இருக்க வேண்டும் என்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் குவார்ட்டர்ஸில் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கிப்போன அன்றைக்குச் சாப்பிடவில்லை. சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு வரி.

வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து பெரிய ஹாரன். சந்து முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு காலேஜ் பஸ் நின்றது. "யாரு காரு அது? கல்யாண வீடுன்னா நடுத்தெருவுலதான் நிப்பாட்டுவியளோ?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். "எடுக்கேன் எடுக்கேன், செத்த பொறுங்கண்ணே!" என்று ஷெரின் திருப்பிக் கத்திவிட்டு, "அத்தை, ஏறுங்க!" என்றாள்.

சங்கரலிங்கம் ஒதுங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது படி அவருக்குத் தெரியாது. மறுபடி அவர் கேட்கவில்லை.

"போயிட்டு வாங்க டாக்டரம்மா."

"வாரேன்," என்றார் அமிர்தவல்லி. இந்தத் தடவை திருத்தவில்லை.

கார் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளும் ஸ்கூட்டருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் பை சரசரத்தது. ஷெரின் கண்ணாடியில் பார்த்தாள். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொன்னாடையாக எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை பண்ணுதீங்க?"

"தரம் பாக்கேன்."

"எல்லாம் ஒரே துணிதான?"

"இல்லைட்டி. சும்மா வண்டியைப் பாத்து ஓட்டு."

விஞ்ஞான முறைப்படிதான் செய்தார். ஒன்றில் புதுத்துணி மருந்து வாசம். ஒன்றில் சென்ட். ஒன்றில் சாம்பார். ஆறாவதா ஏழாவதா எடுத்ததில் மூக்கு நின்றது. கஞ்சி. சந்தேகமே இல்லை, கஞ்சி வாசம். சங்கரலிங்கம் கம்பெனியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில், மேசையில் வைத்திருந்து எடுத்துவந்திருக்கிறார். அமிர்தவல்லி அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற வரைக்கும் அப்படியே இருந்தார். பாக்கி எல்லாவற்றையும் சர்ச்சில் கொடுத்துவிடச் சொல்லி ஷெரினிடமே விட்டுவிட்டார்.

இப்போது மதுரையில் அது அவர் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. ஏசி போட்டால் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். துவைக்கக் கூடாது என்று வேலைக்கு வருகிற அம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன மாதம் வெளிநாட்டுக் குழு ஒன்றின் காணொளிக் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கியபோது தோளில் அது இருந்தது. தங்கள் நாட்டு நெசவா, அழகாக இருக்கிறது என்று ஒரு டென்மார்க்காரர் கேட்டார். ஆமாம், மிகவும் பழைய துணி என்றார் அமிர்தவல்லி. கழுத்தில் லேசாக அரிக்கிறது. மருந்து போடவில்லை.

சங்கரலிங்கம் விரித்த பொன்னாடை அந்தப் பையிலேயே இல்லை. டிபன் நேரத்தில் அழைக்காமல் வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்குப் போர்த்த ஒன்று குறைந்தது. தாம்பாளத்தில் மேலாக இருந்ததை ஐயாதுரை எடுத்துப் போர்த்திவிட்டார். அமிர்தவல்லியிடம் இருப்பது பந்தல்காரர் பிரேம்குமாருடையது. விழாவுக்கு முன்னால் அது கஞ்சி போட்ட நாற்காலி உறை மூட்டைக்குள் கிடந்தது.